"ஓசி சீட்டு"

அண்ணா வணக்கம். பேரு போட வேண்டாம். மதுரைப் பக்கம் ஒரு பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்ல ஈசிஇ ரெண்டாவது வருஷம். பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத கோட்டாவுல கிடைச்ச சீட்டு. காலேஜ் வேற மாதிரி இருக்கும்னு நெனச்சு வந்தேன். சார் பிபிடிய போட்டு வாசிச்சுட்டுப் போறார், சந்தேகம் கேட்டா "அது எக்ஸாமுக்கு வராது, விடு"ங்கறார். பொண்ணுங்ககிட்ட நோட்ஸ் கேட்டாகூட காலேஜ்ல ஐடி கார்டப் புடுங்கி வெச்சுக்கறாங்க. ஹாஸ்டல்ல என் பேரே "ஓசி சீட்டு"தான், சிரிச்சுக்கிட்டே கூப்பிடறாங்க, நானும் சிரிச்சுடறேன். மேத்ஸ்ல ரெண்டு அரியர். விட்டுட்டு பிஏ தமிழ் சேரலாமான்னு இருக்கு. கதை படிக்கிறப்போ மட்டும்தான் நிம்மதியா இருக்கு.

தம்பி,

கதை படிச்சா நிம்மதியா இருக்குங்கறதுக்கும் பிஏ தமிழுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. அங்கயும் "முக்கிய வினாக்கள்" ஜெராக்ஸ் உண்டு. ஆசைப்பட்டுப் போறதுன்னா போ, இங்க இருந்து ஓடறதுக்காகப் போகாத.

உன் லெட்டர்ல என்னை உறுத்துனது அந்தப் பேருதான். கவர்மெண்ட் ஸ்கூல் பசங்க இந்த மாதிரி படிப்புக்கு ரொம்ப கம்மியா வர்றாங்கன்னு அரசாங்கம் போட்ட முருகேசன் கமிஷன் சொன்ன பிறகுதான் 2021ல அந்த 7.5 சதவீதச் சட்டம் வந்துச்சு, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும், அதுக்குள்ளயும் ரேங்க் பாத்துதான் சீட்டு, பீஸ அரசாங்கம் கட்டுது. இதுல ஓசி எங்க வந்துச்சு? மேனேஜ்மெண்ட் கோட்டாவுல பணத்தக் கட்டிட்டு வந்தவனுக்கு யாராவது பேரு வெச்சிருக்காங்களா பாரு.

நான் பாலிடெக்னிக் படிச்சப்போ என் பேரு "ஸ்காலர்ஷிப்பு". மூணு வருஷமும் சிரிச்சேன். முப்பது வருஷம் கழிச்சு ஒரு கல்யாண மண்டபத்துல ஒருத்தன் பந்தியில இருந்தே "டேய் ஸ்காலர்ஷிப்பு"ன்னு கத்துறான், என் பொண்ணு பக்கத்துல நிக்கிறா, அப்பவும் எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, அவ்வளவு பழகிப் போச்சு. சண்டைக்கெல்லாம் போக வேண்டாம். அடுத்த தடவ கூப்பிட்டா சிரிக்காம மூஞ்சியப் பாரு, போதும்.

ஐடி கார்டு விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. இருபது வயசுப் பசங்கள எல்கேஜி மாதிரி மேய்க்கிறது ஒரு வியாதி.

கிளாஸ் விஷயத்துல உன் கோவம் நியாயம்தான். 2 மார்க் பத்து, 13 மார்க் அஞ்சு, 15 மார்க் ஒண்ணுன்னு கேள்வித்தாளோட அச்சு முன்னாடியே தெரிஞ்சு போச்சு, வாத்தியாரோட பாஸ் பர்சண்டேஜ் எவ்வளவுன்னுதான் மேனேஜ்மெண்ட்டும் கேக்குது, அப்புறம் அவர் எதுக்கு உன் சந்தேகத்துக்கு மெனக்கெடப் போறார். ஆனா மேத்ஸ் அரியருக்கு அவர் மட்டும் காரணம் இல்லன்னு தோணுது. பன்னெண்டாவதுல நீ போட்ட அதே அணிதான் இங்க மேட்ரிக்ஸ், வகையிடல்தான் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல்தான் இன்டக்ரேஷன். கணக்கு உனக்குத் தெரியும், பேருதான் மாறிப் போச்சு. பன்னெண்டாவது கணக்குப் புக்கு தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் ரெண்டுமே நெட்ல இலவசமா கிடைக்குது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு மாசம் படி. அசிங்கமா நெனைக்காத, அது பின்னாடி போறது இல்ல.

இன்னொண்ணு, அந்த ஹாஸ்டல்ல 7.5ல வந்தவன் நீ ஒருத்தன் மட்டும் இருக்க மாட்ட. மத்தவனுங்க தன் பேரு வெளிய வந்துடக் கூடாதுன்னு உன்னப் பாத்துக் கூட சேந்து சிரிச்சுக்கிட்டு இருப்பானுங்க. அதுல ஒருத்தனக் கண்டுபிடி. நத்தம் ரோட்டுல 2023ல திறந்த கலைஞர் நூலகம் இருக்குல்ல, அவனையும் கூட்டிக்கிட்டு அங்க போய் உக்காரு, ஏசி இருக்கு, யாரும் பேரு வெச்சுக் கூப்பிட மாட்டாங்க. கதையும் படி, கணக்கும் போடு.

ரெண்டு அரியர்ல எத முதல்ல எழுதப் போறன்னு எனக்கு ஒரு மெயில் போடு. பிஏ தமிழப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்.