எல்லையோரக் கேள்விகள்

அருணாசலப் பிரதேசம் நம் நாடுதானே? உள்ளே போக அனுமதிச்சீட்டு எதற்கு?
– கோவை வாசகர்

வெள்ளைக்காரன் 1873-ல் போட்ட சட்டம் அது. அசாமிலிருந்து தேயிலைத் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் மலைக்குள் புகுந்து வம்பு வளர்த்தால் தன் பிழைப்பு கெடும் என்று தடுத்து வைத்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் அதை எடுக்கவில்லை, காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம். இன்றைக்கு அது மலைமக்களின் நிலத்துக்குக் காவல். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள்.

அருணாசலத்தின் தவாங் நம்மோடு சேர்ந்தது 1962 சீனப் போருக்குப் பிறகா?
– விருதுநகர் வாசகி

இல்லை, அதற்கு 11 ஆண்டுகள் முன்பே. 1914-ல் தவாங்கை நம் பக்கம் வைத்து மக்மகன் எல்லைக்கோடு போட்டார்களே தவிர, அதன் பிறகும் தவாங்கில் அதிகாரம் திபெத்தின் கையில்தான் இருந்தது. 1951 பிப்ரவரியில் மணிப்பூர் நாகரான மேஜர் பாப் காதிங், அசாம் ரைபிள்ஸ் வீரர்களோடு போய் நம் நிர்வாகத்தை அமைத்தார். நடுக்குளிரில், 13,000 அடிக்கு மேலுள்ள சேலா கணவாயைத் தாண்டி! நம் பள்ளிப் பாடத்தில் இவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம்.

அருணாசலத்து நியீஷி பழங்குடி ஆண்கள் இருவாச்சியின் அலகைத் தலையில் சூடுகிறார்களாமே, கொடுமை இல்லையா?
– பொள்ளாச்சி வாசகர்

உங்கள் ஆனைமலையில் பறக்கும் அதே இருவாச்சிதான், கோபம் புரிகிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும்தான் திறந்திருக்கும். ஆண் அத்திப்பழமாகக் கொண்டுவந்து அந்தக் கீற்றில் ஊட்டும். அதைச் சுட்டால் பொந்துக்குள் இருப்பவையும் பட்டினிதான்.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. நான் ஒரு தொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிரம்புப் பின்னல், உச்சியில் மஞ்சள் அலகு, அசல் போலவே. விரலால் சுண்டினால் கண்ணாடியிழைச் சத்தம்! வனத்துறையும் வன ஆர்வலர்களும் செய்து கொடுத்த மாற்று இது. பெரியவர்கள் ஏற்றுக்கொண்டதால்தான் நடந்தது; வெளியூர்க்காரன் அறிவுரையால் நடந்திருக்காது. பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் 2011-12 முதல் கூடுகளைத் தத்துக்கொடுக்கிறார்கள். நாம் கட்டும் பணம் கூட்டைக் காவல் காக்கும் ஊர்க்காரருக்குச் சம்பளமாகிறது. அவர்களில் பழைய வேட்டைக்காரர்களும் உண்டு. பொந்து எந்த மரத்தில் இருக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

அங்கே புதுப் பறவை ஏதோ கண்டுபிடித்தார்களாமே?
– நாகர்கோவில் வாசகர்

புகுன் லியோசிக்லா. 2006-ல் அறிவித்தவர் ரமணா ஆத்ரேயா, தொழிலால் வானியலாளர். புதுப் பறவை என்றால் ஒன்றைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பது வழக்கம். இருப்பதே சொற்பம் என்பதால் அவர் கொல்லவில்லை. வலையில் பிடித்து, படம் எடுத்து, உதிர்ந்த இறகை வைத்துக்கொண்டு விட்டுவிட்டார். பெயரும் தன்னுடையது இல்லை, அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்களான புகுன் மக்களுடையது.