ஓட முடியாதவர் என்ன செய்வார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 68. முழங்கால் தேய்மானத்தால் படியேறுவதே சிரமம். எங்கள் வட்டாரத்தில் அவசரகால ஆயத்தநிலை நாள் நடக்கவிருப்பதாக மின்தூக்கிக்கு அருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதில் "ஓடு, ஒளிந்துகொள், சொல்" என்றிருப்பதைப் படித்ததும், இது இளையருக்கான பயிற்சி என்று தோன்றியது. நான் போவதில் பயன் உண்டா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அவசியம் போங்கள், அம்மா. பயங்கரவாதத் தாக்குதல் நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லும் அந்த மூன்று சொற்களில் முதலாவதை மட்டும் பார்த்து நீங்கள் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். "ஓடு" என்பது ஆபத்து இருக்கும் இடத்தைவிட்டு விலகுவதைக் குறிக்கிறது. விலக வழியில்லாதவர் கதவைத் தாழிட்டு, கைப்பேசியின் ஓசையையும் அதிர்வையும் நிறுத்திவிட்டு மறைந்திருப்பதும், பாதுகாப்பான நிலைக்கு வந்தபின் 999 எண்ணில் காவல்துறையை அழைத்து, தாக்குபவர் எங்கே இருக்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரிவிப்பதும் அதே முறையின் பகுதிகளே. நீங்கள் கலந்துகொள்வதால் இன்னொரு நன்மையும் உண்டு: அவசர நேரத்தில் உங்கள் தளத்தில் யாரைக் கைகொடுத்து அழைத்துச்செல்ல வேண்டும் என்பது அண்டைவீட்டாருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று எண்ணுவோருக்கு ஈசூன்வாசியான நீங்களே பதில் சொல்லலாம். 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பினர் இங்குக் கைதானபோது வெளிவந்த சதித்திட்டங்களுள் ஒன்று, ஈசூன் எம்ஆர்டி நிலையத்துக்கு வந்துபோகும் அமெரிக்க ராணுவத்தினரைத் தாக்குவதாகும். அந்த நிலையத்தை வேவு பார்த்து எடுத்த காணொளி ஆப்கானிஸ்தானில் கண்டெடுக்கப்பட்டது. பின்னர் 2016 ஆகஸ்டில், அருகிலுள்ள இந்தோனீசியத் தீவான பாத்தாமிலிருந்து சிங்கப்பூரின் மரினா பேயை நோக்கி ராக்கெட் ஏவத் திட்டமிட்டவர்களை இந்தோனீசியக் காவல்துறை கைதுசெய்தது. அதற்கு அடுத்த மாதம் 24ஆம் தேதி, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பயங்கரவாதத்தை எதிர்கொள்ள மக்களை ஆயத்தப்படுத்தும் எஸ்ஜிசெக்யூர் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

ஆனாலும் நீங்கள் அந்த நாளில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் பெரிதும் விரும்புவது "அழுத்து, கட்டு, சொல்" என்னும் முதலுதவியைத்தான். கத்திக்குத்திலோ குண்டுவெடிப்பிலோ பெரிய இரத்தக்குழாய் அறுபட்டவர் சில நிமிடங்களிலேயே உயிரிழக்கக்கூடும். அவ்விடம் பாதுகாப்பானது என்று உறுதியாகும்வரை மருத்துவ உதவியாளர்கள் நெருங்க முடியாமல் போகலாம் என்பதால், அந்த நிமிடங்களில் காயம்பட்டவருக்குத் துணை அருகில் இருப்பவர் மட்டுமே. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். இரத்தம் நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்துவிட்டால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தத்தைத் தொடர வேண்டும். பிறகு அதை இறுகக் கட்டி, ஆம்புலன்ஸ் சேவைக்கான 995 எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கட்டுவதற்குத் துப்பட்டா போதும். தோளில் கிடக்கும் துண்டும் போதும். நம் வீடுகளில் துணிக்கா பஞ்சம்!

சமூக மன்றத்தில் நான் இதைப் பயின்றபோது பயிற்றுநர் என்னிடம் மூன்று முறை, "இன்னும் அழுத்துங்கள்" என்றார். வலிக்குமே என்ற தயக்கம் என் கையைத் தடுத்தது. அந்தத் தயக்கம் படித்துத் தெரிந்துகொள்வதால் போகவில்லை. செய்து பார்த்த பிறகுதான் போயிற்று. தரையில் மண்டியிட முடியாவிட்டால் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். மேசைமேல் வைத்தும் பழகலாம். வீடு திரும்பும்போது, உங்கள் புளோக்குக்கு மிக அருகில், இதயம் திடீரெனச் செயலிழந்தவருக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்றும் பார்த்துவையுங்கள்.

கேள்வி: என் தங்கை மகன் உயர்நிலைப் பள்ளி மாணவன். சில மாதங்களாக அறையைவிட்டு வருவதில்லை. வேறு சமயத்தவரைப் பற்றி அவன் பேசும் பேச்சு அச்சமூட்டுகிறது. யாரிடமாவது சொன்னால் அவன் எதிர்காலம் என்னாகும்?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது, ஐயா. கடுஞ்சொல் பேசும் பிள்ளைகள் எல்லாரும் வன்முறையை நாடுவதில்லை. ஆயினும், 2020 டிசம்பரில் தடுத்துவைக்கப்பட்ட 16 வயது மாணவரின் நிகழ்வை நம் குடும்பங்கள் மறக்கலாகாது. இந்திய இனத்தவரும் புரோட்டஸ்டண்ட் கிறிஸ்தவருமான அவர், நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 2019இல் நடந்த படுகொலையின் ஆண்டு நிறைவு நாளில் இங்குள்ள இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தார். பெரும்பாலும் இணையத்தில் பார்த்தவையே அவரை அந்த நிலைக்குக் கொண்டுசென்றன. தடுப்புக்காவலில் அவருக்குச் சமய, மனநல ஆலோசனைகள் தரப்பட்டன. முன்னேற்றம் கண்டதால் 2024 ஜனவரியில் நிபந்தனைகளுடன் விடுவிக்கப்பட்டார். முன்கூட்டியே சொல்வதால் பிள்ளையின் எதிர்காலம் அழியும் என்பதைவிட, சொல்லாமல் விடுவதால் அது அழியக்கூடும் என்பதையே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

முதலில் அவனோடு நீங்களோ அவன் மதிக்கும் ஓர் ஆசிரியரோ பொறுமையாகப் பேசிப் பாருங்கள். அவன் பார்ப்பது என்ன, யாரோடு உரையாடுகிறான் என்று கேளுங்கள். கேட்கும்போது அவனைக் குற்றவாளியாக்காதீர்கள். ஆயுதங்களைப் பற்றித் தேடுவது, தாக்கியவர்களைப் புகழ்வது, இடத்தையும் நாளையும் குறிப்பிட்டுப் பேசுவது போன்றவை தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை 1800-2626-473 என்ற எண்ணில் அழையுங்கள்.

கேள்வி: மன்னார்குடியிலிருந்து வந்து துவாசில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் அதிகம் வராது. ஏதேனும் நடந்து 995ஐ அழைத்தால் எனக்குச் சிக்கல் வருமா? எப்படிப் பேசுவது?
– வாசகர், தங்குவிடுதி

பதில்: உண்மையான அவசரத்துக்கு அழைப்பவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை, தம்பி, பொய்யாக அழைப்பதுதான் குற்றம். 2025 ஏப்ரலில் ரிவர் வேலியில் ஒரு கடைவீடு தீப்பற்றியபோது, அருகே வேலைசெய்துகொண்டிருந்த உங்களைப் போன்ற ஊழியர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் கொண்டுவந்து பிள்ளைகளைக் கீழே இறக்கினார்கள். மனிதவள அமைச்சு அவர்களுள் சிலரைப் பாராட்டிச் சிறப்பித்தது. அது தாக்குதல் அன்று, தீவிபத்துதான். ஆனாலும் அங்கே கைகொடுத்தது கட்டுமானத் தளத்தில் நாள்தோறும் பழகிய திறனே.

அழைக்கும்போது இடத்தை முதலில் சொல்லுங்கள். விடுதியின் முகவரியையும் அஞ்சல் குறியீட்டின் ஆறு இலக்கங்களையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகி, படுக்கைக்கு அருகே எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்து என்ன நடந்தது, எத்தனை பேருக்குக் காயம் என்று தெரிந்த சொற்களில் கூறுங்கள். மறுமுனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர் வழிகாட்டுவார்.