ஊட்டிக்குக் கிளம்புமுன்: அறை, இ-பாஸ், மலை ரயில் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

மே மாதத்துக்கு ஊட்டியில் அறை போட்டுவிட்டோம். சொந்தக் காரில் வருகிறோம். இ-பாஸ் கடைசி நேரத்தில் எடுத்தால் போதுமா?

போதாது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. வரம்பு இருக்கிற பருவத்தில் சனி, ஞாயிறு இடம் முதலில் தீர்ந்துபோகும். அதனால் வரிசையை மாற்றுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையைப் பிடியுங்கள், அன்றே பாஸுக்கு விண்ணப்பியுங்கள், பாஸ் கையில் வந்த பிறகு மிச்சப் பணத்தைக் கட்டுங்கள். "பணம் திரும்பத் தரப்படாது" என்ற மலிவு விலை அறை, சீசனில் மலிவே இல்லை.

வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், தங்கும் இடம், இவ்வளவுதான் கேட்பார்கள். கட்டணம் கிடையாது. பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்குப் பாஸ் வேண்டாம்.

போட்டோவில் பளபளவென்று இருந்த அறை, நேரில் போனால் பூஞ்சை வாடை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

மலை ஊர் விடுதிகளைப் பற்றி அதிகம் வரும் புகார் இதுதான். சரிவைக் குடைந்து கட்டிய கட்டடத்தில், பின்பக்க அறையின் சுவர் நேரே மண்ணோடு ஒட்டியிருக்கும். மழைத் தண்ணீர் அந்தச் சுவர் வழியாகத்தான் ஊறும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குக் கொப்பளித்துவிடும். முன்பக்கம் பார்த்தால் முதல் மாடி, பின்பக்கம் பார்த்தால் தரைக்குக் கீழே என்கிற கட்டடங்கள் ஊட்டியிலும் குன்னூரிலும் ஏராளம். ஆகவே போனில் "எத்தனாவது மாடி" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "அறைக்கு எத்தனை பக்கம் ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் எதிரே என்ன தெரியும்" என்று கேளுங்கள். "கட்டடத்தின் உள் நடைபாதை தெரியும்" என்று பதில் வந்தால் வேறு அறை கேளுங்கள்.

விமர்சனங்களை நட்சத்திரத்தை வைத்துப் படிக்காதீர்கள், மாதத்தை வைத்துப் படியுங்கள். ஏப்ரலில் தங்கியவர் பாராட்டுவது ஜூலைக்கும் அக்டோபருக்கும் உதவாது. நீங்கள் போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் எடுத்து, அதில் ஈரம், வாடை, வெந்நீர் என்ற சொற்களைத் தேடுங்கள்.

சாவி வாங்குமுன் அறையைப் பாருங்கள். பெட்ஷீட்டைத் தூக்கி மெத்தையில் புறங்கையை வையுங்கள். சில்லென்று இருப்பது குளிர். கையை எடுத்த பிறகும் பிசுபிசுப்பு இருந்தால் அது ஈரம். பீரோவுக்குப் பின்னால் போன் டார்ச் அடித்தால் கரும்புள்ளி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆஸ்துமாக்காரர் உடன் வந்தால் அந்த அறையில் ஒரு ராத்திரிகூட வேண்டாம். பையைப் பிரிப்பதற்கு முன் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். பிரித்த பிறகு கேட்டால் மாற்றுவது கடினம்.

"பேருந்து நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஒரு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றமாக இருக்கலாம். மூட்டுவலிக்காரர் இருந்தால், கார் வாசல்வரை வருமா, அறைக்கு எத்தனை படி என்று எண்ணிக்கையாகவே கேளுங்கள்.

டிசம்பரில் போகிறோம். ஹீட்டர் அவசியமா? வெந்நீர் நாள் முழுக்கக் கிடைக்குமா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பல நாள் விடியற்காலையில் உறைபனி படியும். குழந்தை, முதியவர் இருந்தால் ஹீட்டர் தேவை. வாடகையில் சேர்த்தியா, ஒரு ராத்திரிக்குத் தனிக் கட்டணமா என்பதை முன்பதிவின்போதே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஹீட்டர் எடுத்துப்போக வேண்டாம். 2,000 வாட் இழுக்கும் சாதனத்தைப் பழைய வயரிங் தாங்காது, மொத்த மாடிக்கும் மின்சாரம் போகும்.

வெந்நீர் பல விடுதிகளில் காலை 6 முதல் 9 வரைதான். நாலு பேருக்கு ஒரே சின்ன கீசர் என்றால் இரண்டு பேர் குளித்ததும் அரைமணி காத்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கரியடுப்பையோ, கேம்ப் ஃபயர் மிச்சத் தணலையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான்.

மலை ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நிற்கிறது. வேறு வழி?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டிக்குத்தான் எல்லாரும் மோதுகிறார்கள். 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சட்டத் தண்டவாளத்தில் (நடுவே உள்ள பற்களைப் பற்சக்கரம் பிடித்து ஏறும் பாதை) நீராவி இன்ஜின் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கத்தான் இந்தப் போட்டி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். அன்று காலை 8 மணிக்கே உட்கார்ந்தால்தான் உண்டு.

கிடைக்காவிட்டால் மதியம் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியைப் பாருங்கள். அதே பாதை, அதே பாலங்கள், நேரமும் குறைவு. அதுவும் இல்லையென்றால் குன்னூர்–ஊட்டி இடையே ஓடும் வண்டிகளில் கேத்தி, லவ்டேல் வழியாகப் போய்வரலாம். டீசல் இன்ஜின்தான், ஆனால் குழந்தைகளுக்கு அது போதும். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் கல்லாறு–குன்னூர் பகுதியில் அடிக்கடி ரத்து செய்வார்கள். அந்த மாதங்களில் மலை ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாமல், பேருந்தையும் மனதில் வையுங்கள்.

மைசூரிலிருந்து மசினகுடி வழியாக வரலாமா?

ஏறலாம். முதுமலைக் காட்டில் உள்ள தெப்பக்காட்டிலிருந்து கூடலூர் சுற்றி வருவதைவிடத் தூரம் ஏறக்குறைய பாதி. ஆனால் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்றமும் கடுமை. ஊட்டியிலிருந்து அதே வழியில் இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. பிரேக் பிடிக்காமல் போன விபத்துகள் அங்கே அவ்வளவு. திரும்பும்போது கூடலூர் வழிதான். பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதற்கேற்ப நேரத்தைக் கணக்கிடுங்கள்.

எந்த மலையில் இறங்கினாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் கூடாது. கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

மசினகுடியில் தங்குவதாக இருந்தால் உரிமம் பற்றிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைக்கப்பட்டது. "நைட் சஃபாரி" என்று ஜீப்காரர் அழைத்தால் மறுத்துவிடுங்கள். வனத்துறை சஃபாரி தெப்பக்காட்டில், பகலில்.

கூகுளில் கிடைத்த எண்ணுக்கு அட்வான்ஸ் அனுப்பலாமா?

நன்கு தெரிந்த விடுதிகளின் பெயரில் போலி எண்கள் உலவுகின்றன. பணம் அனுப்பும் திரையில் வரும் பெயர் விடுதியின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். தனி ஆள் என்றால் நிறுத்துங்கள். வேறு இடத்தில் கிடைக்கும் லேண்ட்லைன் எண்ணுக்கு அடித்து, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி: 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. சொன்ன வாடகை வரியோடு சேர்த்தா என்று கேட்காவிட்டால் கணக்கு முடிக்கும்போது வாக்குவாதம் வரும். அடையாளத்துக்கு, முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதார் நகலைக் கொடுங்கள்.

கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் எங்களோடு வருகிறது. ஹோம்ஸ்டேயில் தங்கலாமா?

அவர்களிடம் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (வழக்கில் ஃபார்ம் சி என்பார்கள்) தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். சிறிய ஹோம்ஸ்டேக்கள் பல அந்த ஏற்பாடு இல்லாமல், ராத்திரி வாசலில் வைத்துக் கைவிரித்துவிடும். "ஃபார்ம் சி போடுவீர்களா" என்று முன்னமே கேளுங்கள். பாஸ்போர்ட், விசா நகல்கள் ஆளுக்கு இரண்டு செட் கையில் இருக்கட்டும்.

தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. வீட்டு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துப்போங்கள். வழியில் தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்; சில வேலை செய்யாமல் கிடக்கும், அதனால் விடுதியில் கிளம்பும்போதே நிரப்புங்கள்.