வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

அம்மா, சனிக்கிழமை நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசியதால் 'எல்லாம் நல்லபடியாக முடியும்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது அப்படிச் சொல்லப்போவதில்லை. வீட்டை அடகு வைத்து, டொனேஷன் கட்டி, உங்கள் பையனுக்குப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்காதீர்கள். டொனேஷன் வாங்குவதே 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிக்கவேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் உங்கள் அண்ணன் சொல்வது அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கணக்கு. வட்டியை அவரா கட்டப்போகிறார்?

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பையன் அவன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. கவுன்சலிங் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்தானா என்று முதலில் பாருங்கள்.

அன்றைக்கு அவன் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. உடைந்த ஹாக்சா பிளேடை எமரித் தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி, கேஸ் அடுப்பில் காட்டினானாம். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். "ஏன் சார் அப்படி?" என்று கேட்டான். அடுப்பைக் கெடுக்கிறான் என்று நீங்கள் அவனை அடக்கினீர்கள். இரும்பின் மேல் படியும் ஆக்சைடு ஏடு தடிக்கத் தடிக்க நிறம் மாறும். நீலம் வந்தால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி. இந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உண்டு, கோவை பி.எஸ்.ஜி.யிலும் உண்டு. மற்ற படிப்புகளைப் பற்றி ஊரே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன்.

இந்தப் படிப்பில் போகக்கூடிய ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். இரும்புத் தகட்டைச் சூடாக்காமல் உருட்டி மெலிதாக்கினால் அது விறைத்துப்போகும். அச்சில் வைத்து அழுத்தினால் விரிசல் விடும். அதனால் அதை மறுபடி இளக்க, பல டன் எடையுள்ள காயில்களை (சுருட்டிய தகடுகளை) ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உள்மூடி போட்டு, அதன்மேல் மணி மாதிரி உலையைக் கவிழ்த்து, 700 டிகிரிப் பக்கம் வைத்திருந்து மெதுவாக ஆறவிடுகிறார்கள். பெல் அனீலிங் என்று பெயர். காயிலின் சுற்றுகளுக்கு இடையே மயிரிழை இடைவெளி இருப்பதால் நடுப்பகுதிக்குச் சூடு லேசில் போய்ச் சேராது. பழைய உலைகளில் உள்மூடிக்குள் நைட்ரஜன்தான் பெரும்பங்கு. புதிய உலைகளில் முழுக்க ஹைட்ரஜன்: நைட்ரஜனைப்போல ஏழு மடங்கு சூட்டைக் கடத்தும். நேரம் குறைகிறது, எரிபொருளும் குறைகிறது. புகைபோக்கி வழியே வீணாகும் சூட்டைக்கொண்டே பர்னருக்குப் போகும் காற்றைச் சூடாக்குகிறார்கள். ஒரு அடுக்கு முடிந்ததும், உலையை ஆறவிடாமல் அந்தச் சூட்டோடு தூக்கி அடுத்த அடுக்கின்மேல் வைத்துவிடுவார்கள். எங்கே சூடு கசிகிறது என்று கண்டுபிடிப்பவனுக்குத்தான் அங்கே மதிப்பு. ஹைட்ரஜன் விளையாட்டில்லை, காற்றோடு கலந்தால் வெடிக்கும். நைட்ரஜனால் காற்றை விரட்டி, கசிவு பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அவசரக்காரனுக்கு இது ஆகாது. உங்கள் பையன் நிதானமானவன்.

ஐரோப்பாவுக்குப் போகும் இரும்புக்கு 2026 முதல் கார்பன் கணக்குப் பார்த்து வரி வருகிறது. உலையில் எவ்வளவு எரித்தோம் என்பது இனி கணக்குப்பிள்ளைக்கும் கவலை. டிகிரி முடித்து மூன்று வருடம் இந்த மாதிரி வேலை பார்த்தால், மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் எனர்ஜி மேனேஜர் தேர்வை எழுதலாம்.

சம்பளம் தொடக்கத்தில் சாஃப்ட்வேர்க்காரர்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஷிப்ட் உண்டு, அனலும் உண்டு. கல்யாண வீட்டில் "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது, அதுதான் உங்கள் அண்ணனுக்குப் பிரச்சினை. அவர் மறுபடி போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள். கவுன்சலிங் விருப்பப் பட்டியலைப் பையன் கையால் நிரப்பட்டும், பக்கத்தில் நீங்கள் மட்டும் இருங்கள்.