பழைய பிஸ்டல் சைட்டுகளுக்கு டவ்டெயில் காடி: கேள்வி பதில்

பழைய பிஸ்டல்களில் குறிபார்க்க உதவும் முன் சைட், பின் சைட் உட்காரும் சிறிய டவ்டெயில் காடி (அடியில் அகன்று மேலே குறுகும் பள்ளம்) பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: வணக்கம் சார். கோல்ட் 1911 ஒன்றில் முன் சைட் ஆடுகிறது. அதை எடுத்துவிட்டு டவ்டெயில் வெட்டிப் புது சைட் போடலாமா? என்ன அளவு?

பதில்: ஸ்லைடு (பேரலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். யாரும் கை வைக்காத போர்க்கால ஸ்லைடு என்றால் வெட்டாதீர்கள். அதில் முன் சைட்டின் கால் ஸ்லைடைத் துளைத்துக் கீழிறங்கி, உள்பக்கம் ரிவெட் போல அடித்து விரிக்கப்பட்டிருக்கும். ஆடும் சைட்டை மறுபடி அடித்து இறுக்கலாம். கால் தேய்ந்திருந்தால் அதே மாதிரி புதியதை வாங்கிப் போடலாம். கால் அகலத்தில் இரண்டு வகை உண்டு: 0.058 அங்குலம், 0.125 அங்குலம். அளக்காமல் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே மறுமெருகு போட்டு, பாகங்கள் மாறிப்போன ஸ்லைடு என்றால் தாராளமாக வெட்டலாம். முன் சைட்டுக்குப் பரவலாகக் கிடைப்பது 0.330 அங்குல அகலம், 65 டிகிரி (சுவர் தரையோடு சேரும் கோணம்), 0.075 அங்குல ஆழம். அதாவது அடி அகலம் 8.38 மி.மீ., ஆழம் 1.9 மி.மீ., மேல்வாய் 6.6 மி.மீ. வெட்டும் முன் அந்த இடத்தில் ஸ்லைடு எவ்வளவு தடிமன் என்று அளந்து, ஆழத்தைக் கழித்துப் பாருங்கள். உள்ளே பேரல் புஷிங் (பேரலின் முன்முனையைத் தாங்கும் வளையம்) உட்காரும் குடைவு இருக்கிறது. மிச்சம் 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் ஆழம் குறைவான சைட்டைத் தேடுங்கள்.

கேள்வி: 60 டிகிரி, 65 டிகிரி இரண்டுக்கும் 5 டிகிரிதானே வித்தியாசம்? ஒன்றில் மற்றதைத் தட்டி ஏற்றினால் என்ன?

பதில்: ஏறும், ஆனால் நிற்காது. 60 டிகிரி சைட்டை 65 டிகிரி காடியில் ஏற்றினால் அடி மூலை மட்டும் தொடும், மேலே இடைவெளி விடும். 65ஐ 60இல் ஏற்றினால் வாய் ஓரம் மட்டும் கடிக்கும், அடி மூலையில் காற்று. இரண்டிலும் ஒரு கோட்டில்தான் பிடிப்பு. சுடும் அதிர்ச்சியில் அந்தக் கோடு நசுங்கியதும் சைட் தளர்ந்துவிடும். வாங்கும்போதே கோணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மில்லிங் மெஷினில் வெட்டும் வரிசையைச் சொல்லுங்கள் அண்ணா. என் கட்டர் 7.9 மி.மீ., 65 டிகிரி, ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்).

பதில்: 8.38 காடிக்கு 7.9 கட்டர் நல்ல தேர்வு. சரியான அளவிலேயே கட்டர் வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டர் துளி ஆடினாலும் காடி பெரிதாகிவிடும், திருத்த வழியில்லை.

ஸ்லைடை வைஸில் வெறுமனே இறுக்கக் கூடாது. பக்கச் சுவர் உள்நோக்கி வளையும், வளைந்தபடி வெட்டிய காடி தளர்த்தியதும் கோணலாகும். உள்ளே சரியாகப் பொருந்தும் அலுமினியக் கட்டை ஒன்றைக் கொடுத்து, தாடைகளுக்கு மெல்லிய தகடு வைத்துப் பிடியுங்கள். பக்கத் தட்டையில் டயல் இண்டிகேட்டரை ஓட்டி, முழு நீளத்துக்கும் 0.02 மி.மீ.க்குள் கொண்டு வாருங்கள். மேல்பக்கம் வளைவாக இருக்கும், அதை நம்பி மட்டம் பார்க்க வேண்டாம். அடியில் உள்ள ரெயில்தான் ஆதாரம்.

முதலில் 6 மி.மீ. எண்ட் மில். வளைவின் உச்சியைத் தொட்டுச் சுழியம் வைத்து, இரண்டு மூன்று தடவையாக 1.85 வரை இறங்குங்கள். டவ்டெயில் கட்டருக்குப் பளு குறைவது இதனால்தான். அதன் கழுத்து மெலிது, கெட்டி உலோகத்தை நேரடியாகக் கொடுத்தால் உடையும்.

பிறகு டவ்டெயில் கட்டர், முழு ஆழத்தில், நடுவில் ஒரே ஓட்டம். சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று, வெட்டெண்ணெய் தாராளமாக, ஊட்டம் (ஸ்லைடைக் கட்டர்பக்கம் நகர்த்துவது) கையால் மெதுவாக. நகர்த்தாத அச்சுகளைப் பூட்டிவிடுங்கள். அடுத்து காடியை அகலப்படுத்த இருபக்கமும் சமமாக, ஒரு தடவைக்கு 0.05 மி.மீ. கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே ஊட்டம் இருக்கட்டும். அதே திசையில் போனால் கட்டர் வேலையைத் தன்பக்கம் இழுத்துக் கடித்துவிடும். திருகில் உள்ள தளர்வைக் கழிக்க, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்துங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது: காடிக்குள் கட்டர் இருக்கும்போது மேலே தூக்காதீர்கள். பக்கவாட்டில் முழுக்க வெளியே வந்த பிறகுதான் தூக்க வேண்டும். பாதியில் அளந்து பார்க்கலாமென்று கைப்பழக்கத்தில் கைப்பிடியைச் சுற்றினால், காடியின் இரண்டு உதடும் அந்தக் கணமே போய்விடும்.

கேள்வி: உள்ளே சாய்வாக இருப்பதை வெர்னியரால் எப்படி அளப்பது?

பதில்: வெர்னியரால் நேரடியாக முடியாது. ஒரே தடிமனுள்ள இரண்டு பின்களை (உருளைக் கம்பிகளை) மூலைக்கு ஒன்றாகக் கிடத்தி, நடுவில் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 65 டிகிரிக்கு, அடி அகலத்திலிருந்து பின் தடிமனின் 2.57 மடங்கைக் கழித்தால் அந்த இடைவெளி. 60 டிகிரிக்கு 2.732 மடங்கு.

உங்கள் காடிக்கு 1.5 மி.மீ. பின் போட்டால் 1.5 × 2.57 = 3.85. ஆக 8.38 − 3.85 = 4.53 மி.மீ. வர வேண்டும். கேஜ் பின்களை (துல்லிய அளவுள்ள கம்பிகளை) அந்த இடைவெளியில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். 4.50 நுழைந்ததும் மெஷினை நிறுத்திவிடுங்கள். அந்த 0.03 மி.மீ. குறைவை சைட்டின் அடியைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும், காடியை அகட்டி அல்ல. சைட் போனால் இன்னொன்று வாங்கலாம், ஸ்லைடு போனால் போனதுதான்.

கேள்வி: மெஷின் கிடையாது. அரத்தாலேயே முடியுமா ஐயா?

பதில்: 60 டிகிரி என்றால் முடியும், ஏனென்றால் முக்கோண அரத்தின் மூலையே 60 டிகிரி. அதன் ஒரு முகத்தைப் பல்லில்லாமல் தேய்த்து எடுங்கள். அந்த வழுவழுப்பான முகம் காடியின் தரையில் சறுக்கும், அடுத்த முகம் சுவரை மட்டும் வெட்டும். இல்லாவிட்டால் சுவரைத் திருத்தும் ஒவ்வொரு இழுப்பிலும் ஆழமும் கூடிக்கொண்டே போகும். 65 டிகிரிக்குக் கோணம் மாற்றிய சைட் அரம் தனியாக விற்கிறார்கள்.

முதலில் ஹேக்ஸா பிளேடால் நான்கைந்து கீறல், ஆழத்துக்கு 0.2 மி.மீ. முன்னால் நிறுத்தி. இடையில் உள்ளதைத் தட்டை அரத்தால் எடுத்து, தரையைச் சமன் செய்துவிட்டுப் பிறகு சுவருக்கு வாருங்கள். அரத்தில் சாக்பீஸ் தடவிக்கொண்டால் துகள் அடைத்துக் கோடு கிழிக்காது. சைட்டின் அடியில் பிரஷ்யன் புளூ மெல்லிசாகத் தடவி நுழைத்து எடுத்தால், தொட்ட இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அங்கே மட்டும் தேயுங்கள். பொறுமையான கைக்கு மில்லிங்கைவிட நல்ல பொருத்தம் இதில் வரும் என்பது என் கருத்து.

கேள்வி: அரம் வழுக்குகிறது, பிடிக்கவே இல்லை.

பதில்: அந்த இடம் கடினப்படுத்தப்பட்டிருக்கிறது. போர்க்காலத்து 1911ஏ1 ஸ்லைடுகளில் முகப்புப் பகுதியைத் தனியாகக் கடினப்படுத்தினார்கள். கார்பைட் கட்டர்தான் வழி. சூடாக்கி மென்மையாக்க நினைக்க வேண்டாம்.

கேள்வி: சைட் கையாலேயே முழுக்க நுழைகிறது. காடி பெரிதாகிவிட்டது. என்ன செய்ய?

பதில்: காடியின் உதட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்குவது எங்கும் பார்க்கிற வழக்கம், பழைய துப்பாக்கிக்கு அது செய்யக்கூடாத காரியம். தழும்பு மேலே தெரியும், அடுத்த தடவை உதடு விரியும். சைட்டின் அடியில் சென்டர் பஞ்சால் ஆறேழு புள்ளி வையுங்கள். புள்ளியைச் சுற்றி எழும் மேடு சைட்டை மேலே தூக்கிச் சுவரோடு இறுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் 0.05 மி.மீ. பித்தளைத் தகடு அடியில். சரியான பொருத்தம் என்பது கட்டைவிரல் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய் நின்று, மீதிக்குப் பித்தளைப் பஞ்ச் கேட்பது.

கேள்வி: எனக்கு நேர்மாறு. பயங்கர இறுக்கமாக ஏறியது, பத்து குண்டு சுட்டதும் ஆடுகிறது.

பதில்: பொய் இறுக்கம். கட்டரின் முனை சற்று மழுங்கியிருக்கும், அதனால் காடியின் மூலையில் சிறு வளைவு நிற்கும். சைட்டின் கூரிய விளிம்பு அதன்மேல் ஏறி இறுகியிருக்கிறது, சுவரும் தரையும் தொடவேயில்லை. சைட்டின் இரண்டு அடி விளிம்பிலும் 0.2 மி.மீ. சாய்வாக மழுக்கிவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: லூகர் பி08இன் முன் சைட்டை நகர்த்தினால் குண்டு எந்தப் பக்கம் போகும்?

பதில்: முன் சைட்டை நகர்த்தும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். பி08இல் பின் சைட்டின் நாட்ச் (குறிபார்க்கும் வெட்டு) டாகிளிலேயே (சுடும்போது மேலே மடங்கும் இணைப்பு) வெட்டப்பட்டிருப்பதால் இட வலத் திருத்தம் முன் சைட்டில்தான். பேரல் வளையத்திலும் சைட் அடியிலும் சேர்ந்தாற்போல் ஒரு மெல்லிய கோடு இருக்கும். நகர்த்தும் முன் அதைப் படமெடுத்து வையுங்கள்.

எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு: குண்டு விலகிய தூரத்தை இரண்டு சைட்டுகளுக்கு இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்குத் தூரத்தால் வகுங்கள். சைட் இடைவெளி 165 மி.மீ. உள்ள 1911இல், 25 மீட்டரில் 10 செ.மீ. விலகினால் 0.66 மி.மீ. உயரத்துக்கும் இதே கணக்கு. குண்டு கீழே விழுந்தால் முன் சைட்டைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். மேலே போனால் உயரமான சைட்தான் தேவை.

கேள்வி: எங்கள் வீட்டில் உரிமத்தோடு ஒரு பழைய பிஸ்டல் உள்ளது. இதை நானே செய்யலாமா? இந்தியாவில்தான் இருக்கிறேன்.

பதில்: கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி பழுது பார்க்கவும் மாற்றம் செய்யவும் தனி உரிமம் வேண்டும். வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்குப் போதாது. உரிமம் பெற்ற கடையில் கொடுங்கள், காடியின் கோணம், ஆழம், பின்களை வைத்து எடுக்கும் இடைவெளி அளவு மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வெட்டிய இடத்தில் வெள்ளை உலோகம் பளிச்சென்று தெரிகிறது. புளூயிங் (உலோகத்துக்குக் கருநீல நிறம் ஏற்றுவது) எது?

பதில்: மௌசர் ஆலையில் 1937 வாக்கில்தான் லூகருக்கு உப்பு புளூயிங் வந்தது, அதற்கு முந்தையவை துரு புளூயிங். பழையதற்குத் துரு முறைதான் நிறம் பொருந்தும். சைட்டை ஈயப் பற்று வைத்து ஒட்டியிருந்தால் சூடான உப்புத் தொட்டியில் போடவே கூடாது, காரம் பற்றைத் தின்றுவிடும். காடியின் ஓரக்கோடு மட்டும் தெரிகிறதென்றால், எண்ணெய்ப் பசையை அசிட்டோனால் துடைத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் கோல்ட் புளூ (சூடாக்காமல் பூசும் புளூயிங் மருந்து) இரண்டு பூச்சு போதும். உடனே நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். காடிக்குள் மருந்து தங்கினால் சைட்டுக்கு அடியில் துரு பிடிக்கும், ஆகவே சைட்டை ஏற்றும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.