384 படிவங்களா, 24 பனியன் கம்பெனிகளா?

கேள்வி: மேலாண்மைத் துறையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கிறேன். திருப்பூரில் பவர்டேபிள் (மோட்டார் தையல் மேசை) வைத்து, பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கில் தொடங்கியவர்களில் சிலர் மட்டும் நேரடி ஏற்றுமதியாளர்களாக வளர்ந்தது எப்படி என்று ஆராய்ந்து, 24 உரிமையாளர்களிடம் விரிவாகப் பேசியிருக்கிறேன். 384 வினாப்படிவங்கள் இல்லாமல் ஏற்க முடியாது என்கிறார் ஆய்வுக்குழு உறுப்பினர் ஒருவர். படிவங்களையும் தாங்களே நிரப்பித் தருவதாக ஒரு தரவுப் பகுப்பாய்வு மையம் சொல்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மையத்துக்குப் போகாதீர்கள். உங்கள் 24 நிறுவனங்களே போதும். ஆனால் அவை எந்த 24 என்பதில்தான் எனக்குக் கவலை.

384 என்பது கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்ட ஓர் அட்டவணையில் உள்ள எண். மிகப் பெரிய ஒரு தொகுதியில் எத்தனை விழுக்காட்டினர் இப்படி என்பதை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் மதிப்பிடுவதற்காக, குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே பொருந்தும் கணக்கு அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) எந்த விதியிலும் அந்த எண் இல்லை. இருந்தும் நம் ஆய்வுக்குழுக்களில் அது வேதவாக்காகிவிட்டது. கேள்வி என்ன என்று பார்ப்பதற்கு முன்பே எத்தனை படிவம் என்று கேட்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே உலையில் வெந்த சோற்றுக்குத்தான் செல்லும். உங்களிடம் இருப்பவையோ 24 தனித்தனிப் பானைகள். ஒருவர் வங்கிக் கடனும் உறவினரின் சாயப்பட்டறையும் சேர்ந்ததால் மேலே வந்திருக்கலாம். இன்னொருவர் கடனே வாங்காமல், முன்பு ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்த பழக்கத்தில் பையரை, அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தை, பிடித்திருக்கலாம். இவற்றையெல்லாம் சராசரியாக்கினால் யாருடைய கதையும் மிஞ்சாது.

காரணங்கள் சேர்ந்து இயங்குவதையும், ஒரே இடத்துக்குப் பல வழிகள் இருப்பதையும் ஆராயவே சார்லஸ் ரேகின் 1987இல் கியூசிஏ (Qualitative Comparative Analysis) எனும் ஒப்பீட்டு முறையை முன்வைத்தார். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எந்தெந்த நிபந்தனைகள் (வங்கிக் கடன், குடும்ப ஆதரவு போன்ற காரணிகள்) இருந்தன, எவை இல்லை என்று அட்டவணையிட்டு, விளைவோடு ஒப்பிடுவதே அதன் சாரம். நிபந்தனைகள் நான்கைத் தாண்ட வேண்டாம். நான்கு நிபந்தனைகளுக்கு 16 சேர்க்கைகள். எட்டு வைத்தால் 256 ஆகி, உங்கள் 24 நிறுவனங்களும் எந்த நிறுவனமும் பொருந்தாத காலி வரிசைகளுக்கு நடுவே தொலைந்துபோகும்.

ஏற்றுமதியாளர்களிடம் மட்டுமே பேசியிருந்தால் ஒப்பிட எதுவும் இராது. இன்றும் ஜாப் ஒர்க்கிலேயே இருப்பவர்களும், மூடியவர்களும் உங்கள் பட்டியலில் வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பின் தொழிலை விட்டவர்களையும் தேடிப் பிடியுங்கள்.

நிறுவனங்களை எண்ணுவதில் விலக்கு ஒன்றைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஒரே குடும்பம் நிட்டிங்கை ஒரு பெயரிலும், தையலை இன்னொரு பெயரிலும், ஏற்றுமதியை மனைவியின் பெயரிலும் நடத்துவதுண்டு. ஜிஎஸ்டி எண் மூன்று இருப்பதால் அது மூன்று நேர்வுகள் (ஒப்பீட்டில் தனித்தனியாக எண்ணப்படுபவை) ஆகிவிடாது. ஆர்டரை ஏற்பதா என்று முடிவெடுப்பவர் யார், நட்டம் வந்தால் கடனை அடைப்பவர் யார் என்று கேளுங்கள். எல்லாப் பெயர்களுக்கும் ஒரே ஆள் விடையாக வந்தால் ஒரே நேர்வு. தம்பி பிரிந்துபோய்த் தனிக் கடன், தனிப் பையர் என்று நடத்தினால், பிரிந்த ஆண்டிலிருந்து அவர் தனி நேர்வு. பிரிந்த பின்னும் சாயப்பட்டறையில் இருவருக்கும் பங்கு இருந்தால், இரண்டு நேர்வுகளாகவே வைத்துக்கொண்டு, குடும்ப ஆதரவு என்ற நிபந்தனையை இருவருக்கும் குறியுங்கள்.

இப்போது அந்த மையத்துக்கு வருகிறேன். புறத்தேர்வாளராக நான் வாசித்த ஓர் ஆய்வேட்டில், 384 படிவங்களிலும் ஒரு விடைகூட விடுபட்டிருக்கவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியில் தேநீர் குடிக்க நேரமில்லாத உரிமையாளர்கள் அறுபது கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள் என்பதை நம்புவதற்கு ஒரு தேர்வுக்குழுவும் இருந்தது! இத்தகைய இடங்களில் கியூசிஏயும் செய்து தருவார்கள். எப்படியென்றால், எந்த அளவு ஏற்றுமதி இருந்தால் ஒருவர் முழு ஏற்றுமதியாளர் என்பதைத் தொழிலறிவால் தீர்மானிக்காமல், இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) அப்படியே எல்லையாக வைத்துவிடுவார்கள். அந்த எல்லையை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. கட்டுரை வெளியீட்டையும் சேர்த்து விலை பேசினால் இன்னும் எச்சரிக்கை தேவை: 2022 நவம்பரில் வந்த யூஜிசி விதிமுறைகள் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்பதை அதன் விதிகளில் நீங்களே படித்துப் பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன், நெறியாளரின் ஒப்புதலோடு, நான்கு நிபந்தனைகளையும் அவற்றின் எல்லைகளையும் காரணத்துடன் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மையத்திடம் ஒலிப்பதிவுகளை ஏற்கெனவே கொடுத்திருந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, அவற்றை அழித்ததாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் பையர் பெயரும் பீஸ் ரேட்டும் இருக்கும்.