எழுவாயைத் தேடுங்கள்

அன்புள்ள சார்,

அப்பாவுக்குக் கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிளினிக்கில் கிடைத்த துண்டுப் பிரசுரத்தில் ‘மாரடைப்பு அபாயத்தை 36 சதவீதம் குறைக்கிறது’ என்று போட்டிருந்தது. நெட்டில் தேடினால் ஒருவர் அமிர்தம் என்கிறார், இன்னொருவர் விஷம் என்கிறார். நான் பி.காம். மருத்துவக் கட்டுரைகளை என்னைப் போன்றவர்கள் எப்படிப் படிப்பது? நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். மொழி மட்டும் தெரிந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர் கேட்கிறார்.

எஸ்., முலுண்ட்

அன்புள்ள எஸ்.,

புத்தகத்தை விடுங்கள். வாங்கி அலமாரியில் வைப்பீர்கள்.

அந்த 36-ஐ முதலில் முடித்துவிடுவோம். அடோர்வாஸ்டேடின் என்ற கொழுப்பு மாத்திரை பற்றி 2003-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின் கணக்காகத்தான் இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடத்தியது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மாரடைப்பு. மருந்து சாப்பிட்டவர்களில் 1.9. மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்றிலிருந்து 1.9-க்கு இறங்கினால் 36 சதவீதம் என்று சொல்லலாம், பொய் இல்லை. நூறு பேரில் ஒருவர் தப்பித்தார் என்று அச்சடித்தால் அந்தத் தாளை யார் மடித்துப் பையில் வைப்பார்கள்? அப்பாவுக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது. அதை நீங்கள் எழுதவே இல்லை! பிரசுரத்தில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் எழுதியவர், அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடமே கேளுங்கள்.

உங்கள் நண்பர் கேட்டதுதான் என்னைக் கிளறிவிட்டது. மொழி தெரிந்தவனுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தோமே, எழுவாய், அதைத் தேடுவதுதான் வேலை.

என் அத்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வயிற்று வலி என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபரேஷன் என்றார்கள், அதுவும் மராத்தியில். அத்தைக்குத் தெரிந்த இந்தி காய்கறி வாங்கப் போதும். படிவத்தை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். “எதுக்குன்னு சொல்லாம வயித்தக் கீறுவானாடா?” என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் கார்டில் ஒரே வரி: மருத்துவ ஆலோசனைக்கு மாறாக நோயாளி வெளியேறினார். அந்த வாக்கியத்தில் காரியம் செய்தவர் அத்தை ஒருத்திதான். விளக்கிச் சொல்லாதவர் யார் என்று எழுத அந்தக் கார்டில் கட்டமே கிடையாது.

அதற்கப்புறம் யாருடைய கேஸ் பேப்பர் கைக்கு வந்தாலும் எழுவாயைத்தான் பார்க்கிறேன். கட்டி சுருங்கினால் மருந்து சுருக்கியது. சுருங்கவில்லை என்றால் ‘பேஷன்ட் ஃபெயில்டு கீமோ’. பரீட்சை எழுதித் தோற்றவர் நோயாளி. கூலி போய்விடும் என்று அடுத்த தடவை வராமல் இருந்தவர் ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’, தொலைந்தே போனார்.

நம் ஊர் ஆய்வையே எடுங்கள். டாடா மெமோரியல் மருத்துவமனை 1998 முதல் மும்பைச் சேரிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக நடத்தியது. ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்று, வினிகரில் இருக்கும் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் சோதனை. சாதாரண சுகாதாரப் பணியாளர்களே செய்தார்கள். மரணம் 31 சதவீதம் குறைந்தது என்று 2014-ல் கட்டுரை வந்தது: ஆண்டுக்கு லட்சத்துக்கு, சோதித்த பாதியில் 11.1, மறு பாதியில் 16.2. அருமையான வேலை, சந்தேகமில்லை. மறு பாதிப் பெண்கள்? அவர்கள் ஒரு சுற்றுப் புற்றுநோய்க் கல்வி பெற்றார்களாம். பெற்றார்கள்! சோதிக்கப்படாத 76 ஆயிரம் பேரைச் சொல்ல, எதையோ கொடுத்த மாதிரி ஒரு வினைச்சொல். இப்படி விட்டது சரியா என்று பின்னால் பெரிய சர்ச்சையே நடந்தது. அன்று இங்கே வழக்கமான கவனிப்பு என்பதே சோதனை இல்லாததுதான் என்பது ஆய்வுக்காரர்கள் தரப்பு. அதில் உண்மை உண்டு. அப்படியானால் ‘இவர்களை நாங்கள் சோதிக்கவில்லை’ என்று ‘நாங்கள்’ போட்டு எழுதுவதில் என்ன கஷ்டம்? அந்த ‘நாங்கள்’ 31 சதவீதத்துக்குப் பக்கத்தில் மட்டும் தாராளமாக வந்து நிற்கும். சொல்லப்போனால், முடிவுரையை மட்டும் படித்துவிட்டு ஃபார்வர்டு செய்கிற நம் ஆட்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. நீங்களும் அந்தக் கூட்டம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டுங்காவில் இருக்கும் என் டாக்டர் நண்பரிடம் இதைச் சொன்னேன். செயப்பாட்டுவினைதான் அறிவியலின் நடை என்றார். நேச்சர் இதழே செய்வினையில் எழுதச் சொல்கிறதே என்றேன். “ஓ.பி.டி.யில் எழுதுகிற கேஸ் பேப்பரை நான் நேச்சருக்கா அனுப்பப் போகிறேன்?” என்று சிரித்தார். கேஸ் பேப்பரை இன்னும் அப்படியேதான் எழுதுகிறார். ஆனால் எதைக் கேட்டாலும் உட்கார வைத்துத் தமிழில் சொல்வார். அப்பாவைக் காட்ட வேண்டும் என்றால் எழுதுங்கள், நம்பர் தருகிறேன். அந்தத் துண்டுப் பிரசுரத்தையும் எடுத்துப் போங்கள்.